பட்டியல் யார் பெட்டியில்?



ரஷ்ய நாட்டின் சமூக வலைத்தளம் ஒன்றைப் பற்றியும், அது யார் யார் கைக்கு மாறியது என்பதைப் பற்றியும் பேசுவேன் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது. உள்ளே வரும்போதே ஒரு பெரியவர் கேட்டுவிட்டார், "பெரியாற்றங்கரையில் உட்கார்ந்து அந்தக் கதை நமக்கு எதற்குங்க?" என்று. நல்ல கேள்வி. அவருக்குச் சொல்லும் பதிலை இந்த ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

2018 ஆகஸ்ட் 16. இடுக்கியிலும் மற்ற அணைகளிலும் மதகுகள் திறந்துகிடக்க, பெரியாறு இந்த ஆலுவாவுக்குள் புகுந்த நாள். முந்தைய நாளே நெடும்பாசேரி விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். என் சித்தி மகள் அப்போது இங்கே வாடகை வீட்டில் இருந்தாள். கீழ்த்தளம் முழுகிவிட்டது. மாடியில் ஆறு பேர், அதில் ஒரு கைக்குழந்தை, சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளும் ஒரு பாட்டி. செல்போனில் சார்ஜ் பத்து சதவீதத்துக்கும் கீழே. பெயர், வீட்டு அடையாளம், எத்தனை பேர், என்ன அவசரம், போன் நம்பர் என்று ஆங்கில எழுத்தில் மலையாளத்தை அடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் போனை அணைத்துவிட்டாள். நான் திருநெல்வேலியில் இருந்தேன். எனக்குத் தெரிந்த எல்லாக் குழுக்களிலும் அதைப் போட்டேன். அன்று இரவு பதினொரு மணிக்கு அதே செய்தி, முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து, துபாயிலிருந்து எனக்கே திரும்பி வந்தது. "இவர்களுக்கு யாராவது உதவ முடியுமா?" என்று அவர் கேட்டிருந்தார். மறுநாள் காலை மீனவர்கள் படகு கொண்டு வந்து அவர்களை இறக்கினார்கள்.

அந்த நாட்களில் இப்படி எத்தனை ஆயிரம் செய்திகள் போயிருக்கும்! கேரள அரசின் தகவல் தொழில்நுட்பத் துறையும் தன்னார்வலர்களான இளம் பொறியாளர்களும் சேர்ந்து 'கேரள ரெஸ்க்யூ' என்ற தளத்தை ஓரிரு நாட்களில் கட்டி எழுப்பினார்கள். கடற்கரையிலிருந்து 600க்கும் மேற்பட்ட படகுகள் லாரிகளில் ஏறி வந்தன. எந்தப் படகு எந்தச் சந்துக்குள் போக வேண்டும் என்று சொன்னது ஒரு பட்டியல். பெயர், இடம், எண்ணிக்கை, போன் நம்பர். நாமே மனமுவந்து எழுதிக் கொடுத்த பட்டியல் அது.

இப்போது அந்த ரஷ்யக் கதைக்குப் போகலாம். அதுவும் ஒரு பட்டியலின் கதைதான்.

2006ஆம் ஆண்டு அக்டோபரில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மொழியியல் முடித்திருந்த 22 வயது இளைஞர் பாவெல் துரோவ் 'வி கொன்டாக்டே' என்ற தளத்தைத் தொடங்கினார். 'தொடர்பில்' என்று பொருள். நிரல் எழுதும் பக்கத்தில் கணித மேதையான அண்ணன் நிகொலாய் இருந்தார். பணப் பக்கத்தில் பள்ளித் தோழர் வியாச்செஸ்லாவ் மிரிலாஷ்விலியும் அவருடைய நண்பர் லெவ் லெவியேவும் இருந்தார்கள். ஃபேஸ்புக்கின் அமைப்பை அப்படியே பின்பற்றிய தளம்தான் அது. ஆனால் ரஷ்ய மொழியில், பாட்டும் படமும் தாராளமாகக் கிடைக்க, மாணவர்கள் மொய்த்தார்கள். 2010 முடிவதற்குள் 10 கோடிப் பேர் பதிந்தார்கள். நம் வீடுகளில் தையல் மிஷினுக்கே பெயரான சிங்கர் கம்பெனி நூறாண்டுகளுக்கு முன் அந்நகரில் கட்டிய அழகான கட்டடத்தின் மேல் தளங்களில் இவர்களுடைய அலுவலகம் இருந்தது.

2011 டிசம்பரில் ரஷ்ய நாடாளுமன்றத் தேர்தலில் முறைகேடு என்று மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் கூடிப் பேசிய குழுக்களை மூடச் சொல்லி, உளவுத்துறையான எஃப்எஸ்பி துரோவுக்குக் கடிதம் எழுதியது. அவர் மூடவில்லை. கடிதத்தை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டு, பக்கத்தில் நாக்கை நீட்டும் ஒரு நாயின் படத்தையும் போட்டார். அந்தப் படம் உலகம் சுற்றியது. இவர் இருக்கும்வரை கவலையில்லை என்று அந்நாட்டு இளைஞர்கள் நம்பினார்கள். அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் நம்பியிருப்பேன்.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 2013 நவம்பரில் உக்ரைன் தலைநகர் கீவில், அரசுக்கு எதிராக மைதான் சதுக்கத்தில் மக்கள் திரண்டார்கள். உக்ரைனியர்களும் அதிகமாகப் புழங்கியது இதே தளத்தில்தான். எங்கே கூடுவது, யார் சாப்பாடு கொண்டுவருவது, யாருக்கு அடிபட்டது என்பதெல்லாம் அங்கேயும் பேசப்பட்டன. டிசம்பரில் எஃப்எஸ்பியிடமிருந்து அடுத்த கடிதம் வந்தது. இந்தமுறை மூடச் சொல்லவில்லை. அந்தக் குழுக்களை நடத்துபவர்களின் சொந்த விவரங்களைக் கேட்டது. அதாவது பட்டியலைக் கேட்டது.

ஆலுவாவில் என் சித்தி மகள் எழுதிய அதே வகைப் பட்டியல். யார், எங்கே, எந்த நம்பர். இங்கே அதைப் படித்தவர்கள் படகோடு வந்தார்கள். அங்கே படிக்கக் கேட்டவர்கள் எதற்காகக் கேட்டார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

துரோவ் கொடுக்கவில்லை. உக்ரைனியர்கள் மீது ரஷ்யாவுக்கு அதிகாரமில்லை என்று மறுத்ததாக 2014 ஏப்ரல் 16 அன்று கடிதத்தோடு வெளியிட்டார். அதற்கு முன்பே தன் பங்கை விற்றுவிட்டதாகவும், தன் மனசாட்சி தெளிவாக இருப்பதாகவும் எழுதினார். அடுத்த வாரமே தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார், நாட்டைவிட்டும் வெளியேறினார்.

இங்கே நாம் நின்று கணக்குப் பார்க்க வேண்டும். எல்லோரும் நாய்ப் படத்தை நினைவில் வைத்திருக்கிறார்கள், பங்குக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. நூறு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2013 தொடக்கத்தில் அதில் 12 துரோவுடையது. ஏறத்தாழ 40, அலிஷேர் உஸ்மனோவ் என்ற பெரும் செல்வர் பிடியிலிருந்த மெயில்.ரு நிறுவனத்துடையது. மீதி 48 தொடக்கத்தில் பணம் போட்ட அந்த இரண்டு நண்பர்களிடம். 12 பங்கு வைத்திருந்தவர் எப்படி ராஜா மாதிரி இருந்தார்? 2012இல் உஸ்மனோவ் தரப்பு தன் 40 பங்கின் ஓட்டை அவருக்கு விட்டுக்கொடுத்திருந்தது, அதனால்தான். கொடுத்த ஓட்டு, திருப்பி வாங்கக்கூடிய ஓட்டு. 2013 ஏப்ரலில் அந்த இரண்டு நண்பர்களும் தங்கள் 48 பங்கை யுசிபி என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றார்கள். துரோவிடம் முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. 2014 ஜனவரியில் துரோவின் 12, உஸ்மனோவின் செல்போன் நிறுவனமான மெகாஃபோனின் தலைவர் இவான் தாவ்ரினிடம் போனது. இரண்டே மாதத்தில் அவரிடமிருந்து மெயில்.ருவுக்குப் போனது. நாற்பதும் பன்னிரண்டும் ஐம்பத்திரண்டு. செப்டம்பரில் மிச்சமிருந்த 48 பங்கையும் 147 கோடி டாலருக்கு மெயில்.ரு வாங்கிக்கொண்டது. எந்தக் கதவும் உடைபடவில்லை. எல்லாம் கையெழுத்துப் போட்டு, பத்திரம் எழுதி, சட்டப்படி நடந்தது.

கோடிக்கணக்கான மனிதர்கள் எழுதிய கடிதங்கள், போட்ட படங்கள், சேர்ந்த குழுக்கள் எல்லாம் அந்தப் பத்திரத்தோடு சேர்ந்து கைமாறின. அவர்களில் ஒருவரிடமும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. துரோவ் சாவியைக் கேட்டவனிடம் கொடுக்கவில்லை, அது பெரிய துணிச்சல், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பெட்டியையே விற்றுவிட்டுப் போனபின் அந்தத் துணிச்சல் பெட்டிக்குள் இருந்த பெயர்களை எப்படிக் காக்கும்?

அடுத்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பக்கத்தில் போட்ட ஒரு கேலிப் படத்துக்காக, பகிர்ந்த ஒரு பதிவுக்காக ரஷ்யாவில் தீவிரவாதச் சட்டத்தின் கீழ் வழக்குகள் வந்தன. 2018இல் பர்னாவுல் நகர வழக்குகள் நாடே பேசும் அளவுக்குப் போய், அந்த ஆண்டு இறுதியில் சட்டத்தையே கொஞ்சம் தளர்த்தினார்கள். 2017இல் உக்ரைன் இந்தத் தளத்தைத் தடைசெய்தது. 2021இல் மெயில்.ரு தன் பெயரையே 'வி.கே.' என்று மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் உஸ்மனோவ் தரப்பும் விலகியது. அரசுக்கு நெருக்கமான சோகாஸ் காப்பீட்டு நிறுவனமும் காஸ்ப்ரோம் மீடியாவும் ஆளும் பங்கைப் பிடித்தன. தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் விளாதிமிர் கிரியென்கோ. அவருடைய தந்தை செர்கேய் கிரியென்கோ அதிபர் மாளிகையின் மூத்த அதிகாரி. அந்த நிறுவனம் கொண்டுவந்த 'மாக்ஸ்' என்ற செயலி, 2025 செப்டம்பர் 1 முதல் ரஷ்யாவில் விற்கும் ஒவ்வொரு போனிலும் முன்கூட்டியே இருந்தாக வேண்டும் என்பது சட்டம். மாணவர்கள் மொய்த்த தளமாகத் தொடங்கியது, பதினைந்து ஆண்டில் அரண்மனை வாசலுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

நம் பக்கம் வருவோம். பேசுகிற இடம் யாருடையது என்ற கேள்வி இந்த மண்ணுக்குப் புதிதா? இல்லை. நாம் உட்கார்ந்திருக்கும் ஆலுவா அன்று திருவிதாங்கூர், உங்களில் பலர் வந்திருக்கும் மட்டாஞ்சேரி கொச்சி ராஜ்ஜியம். 1905 ஜனவரியில், அந்தத் திருவிதாங்கூர் சூழ இருந்த பிரிட்டிஷ் பகுதியான அஞ்சுதெங்கில் 'சுதேசாபிமானி' என்ற பத்திரிகை பிறந்தது. உடைமையாளர் வக்கம் அப்துல் காதர் மௌலவி. இங்கிலாந்திலிருந்து அச்சு எந்திரம் வரவழைத்தார். அடுத்த ஆண்டு கே. ராமகிருஷ்ண பிள்ளையை ஆசிரியராக்கி, எழுதுவதில் தலையிடவே மாட்டேன் என்று விட்டுவிட்டார். பிள்ளை சும்மா இருப்பவரா? திருவிதாங்கூர் திவான் ராஜகோபாலாச்சாரியின் ஆட்சியைக் கிழிகிழியென்று கிழித்தார். 1910 செப்டம்பர் 26 அன்று போலீஸ் வந்தது. அச்சகம் பூட்டப்பட்டது, எந்திரம் பறிமுதலானது, ஆசிரியரை நாடு கடத்தி எல்லைக்கு அப்பால் எங்கள் திருநெல்வேலியில் கொண்டுபோய் விட்டார்கள். 1916இல் கண்ணூரில், நாற்பது வயதைத் தொடும் முன்பே பிள்ளை இறந்துபோனார்.

பிள்ளை ஆசிரியராக இருந்த காலம் முழுவதும் மௌலவி பத்திரிகையை விற்கவில்லை, ஆசிரியரை மாற்றவில்லை, பேனாவைக் கொஞ்சம் மழுக்கிக்கொள் என்றும் சொல்லவில்லை. ஆசிரியர் போனபின் எந்திரத்துக்காக மன்றாடவும் இல்லை. நூற்றுக்கு நூறு பங்கு ஒரே மனிதரிடம், அவரும் அப்பழுக்கற்ற மனிதர். அப்படியிருந்தும் அரசு ஒரே நாளில் எடுத்துக்கொண்டது.

ஆனால் எதை எடுத்துக்கொண்டது? இரும்பு எந்திரத்தையும் ஈய எழுத்துகளையும். எந்தப் பத்தியைப் படித்து எவர் தலையாட்டினார், எவர் எவரிடம் அதைக் கொடுத்தார், இரவில் எவர் வீட்டில் அதைச் சத்தமாகப் படித்தார்கள் என்ற கணக்கு எந்த எந்திரத்திலும் இல்லை. அன்று உடைமையாளரைப் பிடித்தால் பேச்சை நிறுத்தலாம், கேட்டவர்களைப் பிடிக்க முடியாது. இன்று உடைமையாளர் மாறினாலே போதும், கேட்டவர்கள் எல்லோரும் வரிசையாகப் பெயர், ஊர், நேரத்தோடு உள்ளே இருக்கிறார்கள். இந்த வித்தியாசத்துக்காகத்தான் இன்று இவ்வளவு தூரம் வந்தேன்.

"நம்ம ஊர்க் கம்பெனியாக இருந்தால் சரியாகிவிடும்" என்று பலர் சொல்கிறார்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு. 2020இல் பெங்களூரில் 'கூ' என்ற சமூக வலைத்தளம் வந்தது. ட்விட்டரோடு அரசுக்குச் சண்டை வந்த 2021 பிப்ரவரியில் அமைச்சர்கள் கூட்டமாக அதில் சேர்ந்தார்கள். கன்னடம், தமிழ் என்று நம் மொழிகளில் எழுத வசதியாகத்தான் இருந்தது. 2024 ஜூலையில் மூடிவிட்டார்கள். வாங்க ஆள் அமையவில்லை. மூன்று ஆண்டு எழுதியவர்களுக்கு அதோடு முடிந்தது.

இப்போது நம் தமிழ்நாட்டுக்காரர்களின் 'அரட்டை' என்ற செய்திச் செயலி. 1996இல் தொடங்கிய ஸ்ரீதர் வேம்புவின் நிறுவனம், இன்றைய ஜோஹோ, 2021 ஜனவரியில் இதை வெளியிட்டது. 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சர் ஒருவர் பரிந்துரைக்க, நாளொன்றுக்குச் சுமார் 3,000 பேர் சேர்ந்த இடத்தில், மூன்றே நாளில் அது நாளொன்றுக்கு 3,50,000 பேராக உயர்ந்ததாக வேம்பு சொன்னார். தமிழ்ப் பெயரில் ஒரு செயலி டில்லிக்காரர் போனில் இருப்பதைப் பார்க்க எனக்குப் பெருமைதான். வெளி முதலீடு வாங்காமல், பங்குச் சந்தைக்குப் போகாமல், தென்காசிப் பக்கக் கிராமத்தில் அலுவலகம் வைத்து வளர்ந்த நிறுவனம். இரண்டு நண்பர்கள் சொல்லாமல் கொள்ளாமல் 48 பங்கை விற்றுவிடும் ஆபத்து அங்கே குறைவு. அதனால்தான் அவர்களிடம் உரிமையோடு கேட்கிறேன். தொடக்கத்தில் எழுத்துச் செய்திகளுக்கு முழு மறையாக்கம் இல்லாமல் வெளியிட்டது சரியல்ல. மறையாக்கம் வந்தாலும், எவர் எவரோடு எந்தக் குழுவில் இருக்கிறார் என்ற பட்டியல் பெட்டியில்தான் இருக்கும். நாளை பங்கு கைமாறினால் அந்தப் பட்டியல் என்ன ஆகும்? இன்றைய உடைமையாளர் நல்லவர் என்பது இதற்குப் பதிலாகாது. துரோவும் நல்லவராகத்தான் தெரிந்தார்.

ஊர்க்காரர் என்பது மட்டும் போதாது என்பதைக் கேரளம் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2020 ஏப்ரலில், கொரோனா நோயாளிகளின் விவரங்களைத் தொகுக்கும் வேலை அமெரிக்காவின் ஸ்பிரிங்க்ளர் நிறுவனத்துக்குப் போனது. நிறுவியவர் மலையாளிதான். வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. பெயரை மறைத்துத்தான் விவரம் கொடுக்க வேண்டும், நோயாளியிடம் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று ஏப்ரல் 24 அன்று எர்ணாகுளத்தில் இடைக்கால உத்தரவு வந்தது. நிறுவனம் தவறு செய்தது என்று நான் சொல்லவில்லை. பட்டியலுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது, அதையே நானும் சொல்கிறேன்.

வேறு விதமான உடைமை உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. துரோவ் பங்கை விற்ற அடுத்த மாதம், 2014 பிப்ரவரியில், வாட்ஸ்அப்பை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக ஃபேஸ்புக் அறிவித்தது. வாட்ஸ்அப்பை உருவாக்கிய இருவரில் ஒருவரான பிரையன் ஆக்டன் பிறகு வெளியேறி, 2018இல் 5 கோடி டாலர் கொடுத்து, சிக்னல் என்ற செய்திச் செயலியை நடத்தும் சிக்னல் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். இன்று இங்கே நடப்பதும் அறக்கட்டளைச் சொற்பொழிவு என்பதால் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அறக்கட்டளைக்குப் பங்கு கிடையாது. விற்க ஒன்றும் இல்லை. யார் எப்போது யாரோடு பேசினார் என்பதையும் சேர்த்துவைப்பதில்லை, அதனால் நீதிமன்றமே கேட்டாலும் கொடுக்க அதனிடம் அதிகம் இல்லை.

மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு இதைவிடப் பழகிய உதாரணம் ஒன்று இருக்கிறது. யூதத் தெருவில் மிளகு வியாபாரிகளின் சங்கம். 1957இல் அங்கே மிளகு முன்பேர வியாபாரம் தொடங்கியது. ஒரு கூடம், சுற்றிலும் தொலைபேசிச் சிற்றறைகள், நடுவில் நின்று கைவிரலைக் காட்டிக் கத்தி விலை சொல்லும் ஆட்கள். வெளியிலிருந்து கேட்டால் சண்டை நடப்பது போலிருக்கும். கத்துகிறவர்களே அந்தக் கூடத்தின் உறுப்பினர்கள். அவர்கள் சம்மதம் இல்லாமல் அந்தக் கூடத்தை எவருக்கும் விற்க முடியாது. பிறகு கணினி வந்தது, மும்பையின் பெரிய சந்தைகள் வந்தன, கூடம் ஓய்ந்தது. உறுப்பினர் உடைமை என்றால் என்றைக்கும் நிலைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் நடந்த நாளெல்லாம் அது பேசியவர்களுடையதாக இருந்தது.

கூட்டுறவுச் சங்கம் நடத்தத் தெரிந்தவர்கள் நிறைந்த மாநிலம் இது. காக்கநாட்டில் நிரல் எழுதும் பிள்ளைகள் இந்தக் கூடத்திலும் இருக்கிறீர்கள். 2018இல் இரண்டு நாளில் ஒரு மீட்புத் தளத்தை உங்கள் தலைமுறைதான் கட்டியது. ஒரு நகரசபைக்கோ ஒரு குடியிருப்போர் சங்கத்துக்கோ, உறுப்பினர்களே உடைமையாளர்களாக இருக்கும் ஒரு சிறிய செய்திக் குழுவைக் கட்டுவது உங்களால் ஆகாத காரியமில்லை. ஜோஹோவில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இந்தப் பேச்சு அச்சாகிப் போய்ச் சேரட்டும். பங்கு கைமாறினால் பட்டியல் அழிக்கப்படும் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும் போனை எடுங்கள். நீங்கள் இருக்கும் குழுக்களில், வெள்ளம் வந்தால் உங்களைத் தேடி வரக்கூடிய ஆறு பேரின் பெயரையும் நம்பரையும் ஒரு தாளில் எழுதி, சமையலறைச் சுவரில் ஒட்டி வையுங்கள். அந்தப் பட்டியல் உங்களுடையது.